மோட்டரைத் திறந்து பார்த்த மனிதர்: ஜி.டி.நாயுடு

சுன்னாகத்துச் செம்மண் தோட்டங்களில் சுவிட்சைப் போட்டால் கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது. துலா மிதித்து இறைத்த காலம் போய்விட்டது. ஆனால் அந்த மோட்டர் ஏன் சுற்றுகிறது என்று கேட்டால், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகூடச் சூத்திரத்தைச் சொல்லுமே தவிர, ஒன்றைச் செய்து காட்டத் தயங்கும். சூத்திரம் அறியாமலே செய்து பார்த்துக் கற்ற ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார்.

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற ஊரில், 1893 மார்ச் 23ஆம் திகதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப்படிப்பு பாதியிலேயே நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வாங்கக் காசில்லை. கோயம்புத்தூரில் உணவகமொன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாவுக்கு அதை வாங்கினார். வாங்கியதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பல்கலைக்கழகம்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தானே ஓட்டத் தொடங்கினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டர் தேவைப்பட்டது. 1937இல் நாயுடுவும் டி.பாலசுந்தரமும் பீளமேட்டில் மின்மோட்டர் ஒன்றை உருவாக்கினர். இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டர் என்று அது போற்றப்படுகிறது.

அடிப்படை எளிது. மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள் ஒரு காந்தமாகிறது. பக்கத்துக் காந்தம் அதைத் தள்ளுகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பற்றரி, இரண்டு ஊக்குகள், ஒரு காந்தம், எனாமல் பூசிய செப்புக்கம்பி போதும். சூட்சுமம் ஒன்றுதான்: சுருளின் ஒரு முனையில் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் முதல் அரைச்சுற்றில் தள்ளிய விசை அடுத்த அரைச்சுற்றில் எதிராகத் தள்ளும். சுருள் நடுங்கி நின்றுவிடும். சரியான நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவதே சுழற்சியின் இரகசியம் என்பதை, நின்றுபோன சுருள் ஒன்று கற்பிப்பதுபோல் எந்தப் பாடக்குறிப்பும் கற்பிக்காது.

நாயுடு கல்வியிலும் இதையே வலியுறுத்தினார். அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் உருவான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1945இல் முதல்வரானார். பொறியியலுக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, இரண்டு போதும், பட்டறையும் வகுப்பும் சேர்ந்து நடக்கவேண்டும் என்றார். அரசு ஏற்கவில்லை; பதவியைத் துறந்தார். 1974 ஜனவரி 4ஆம் திகதி காலமானார்.

குடாநாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மின்நிலையத்தால் அறியப்பட்ட சுன்னாகமும் 1990களில் இருளில் கிடந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுற்றி அன்று வானொலி கேட்டோம். டைனமோ என்பது மோட்டரின் மறுபக்கம்: ஒன்றில் மின்சாரம் சுழற்சியாகிறது, மற்றதில் சுழற்சி மின்சாரமாகிறது. தேவை அன்று எங்கள் கைகளுக்குக் கற்பித்ததை, இன்று பரீட்சைக்கும் ரியூசனுக்கும் இடையே பிள்ளைகள் இழந்துவிடக் கூடாது. ஒரு பற்றரியும் ஒரு முழக் கம்பியும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல.