ஓட்டத்தரசி வில்மா ருடால்ஃப்

நூறு மீட்டர் ஓட்டப் பந்தயம் தொடங்கிப் பதினொன்று, பன்னிரண்டு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. காண வந்தவர் இருக்கையில் செம்மையாக அமர்வதற்குள் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது தெரிந்துவிடும். அத்துணைச் சிறிய பொழுதுக்காக ஒருவர் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது, அவ்வுழைப்பில் எத்தனை பேருடைய கைகள் கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1960-ஆம் ஆண்டு ரோமாபுரியில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற வில்மா ருடால்ஃப் அம்மையாரின் வரலாற்றை இம்மலருக்காக நாம் எடுத்துக்கொண்டது, அக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்னும் விருப்பத்தினால்தான்.

பெண்கள் பந்தய மைதானத்தில் ஓடுவது தகுமா என்னும் வாதம் மேலை நாடுகளில் நெடுங்காலம் நடந்தது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில்தான் முதன்முதலாக ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் இடம் பெற்றனர். அவ்வாண்டு 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் சிலர் களைப்புற்றதைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அதன் விளைவாக அந்தப் பந்தயம் பெண்களுக்கு அறவே நீக்கப்பட்டது. 32 ஆண்டுகள் கழிந்து, நாம் பேச எடுத்துக்கொண்ட அதே ரோமாபுரி விளையாட்டில்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டமோ 1948-க்கு முன்னர் கிடையாது. நம் நாட்டின் நிலிமா கோஷும் மேரி டிசௌசாவும் 1952-இல் ஹெல்சிங்கியிலும், மேரி லீலா ராவ் 1956-இல் மெல்போர்னிலும் ஓடினர் என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்? பதக்கம் பெறாதவர்களின் பெயர்கள் விரைவில் மங்கிவிடுகின்றன.

வில்மா 1940-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரையடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். குறை மாதப் பிள்ளை. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மிகுதி. தந்தை எட் ருடால்ஃப் இருமுறை மணம் புரிந்தவர். அவருடைய 22 மக்களுள் வில்மா இருபதாமவர். தந்தையார் ரயிலில் போர்ட்டராகப் பணி செய்தார். கிடைத்த பிற வேலைகளையும் பார்த்தார். தாயார் பிளாஞ்ச் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். கறுப்பினத்தார்க்குத் தனிப் பள்ளி, பேருந்தில் பின்னிருக்கை, தனிக் குடிநீர்க் குழாய் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது. வெள்ளையருக்குரிய மருத்துவமனை அருகிலேயே இருப்பினும் அதனால் இக்குடும்பத்தார்க்குப் பயன் ஒன்றுமில்லை.

குழந்தையை நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. இரு நுரையீரல்களையும் தாக்கிய நிமோனியா வந்தது. ஸ்கார்லட் காய்ச்சல் வந்தது. இறுதியில் இளம்பிள்ளை வாதம் வந்து இடக்காலின் வலிமையைக் கவர்ந்துவிட்டது. போலியோ என்று நாம் இன்று சொல்லும் நோய் அதுவே. அதனைத் தடுக்கும் மருந்து அமெரிக்காவில் பொது வழக்கிற்கு வந்தது 1955-இல். வில்மாவுக்கு அது உதவவில்லை. நம் நாட்டில் அந்நோய் ஒழிந்ததாக 2014-இல்தான் சான்று அளிக்கப்பட்டது. சொட்டு மருந்து நாளன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாமில் வரிசையில் நின்ற தாய்மார்கள் நம் காலனியில் பலர் உண்டு. அவர்களுக்கு இந்தத் தாயின் கவலையை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

கிளார்க்ஸ்வில்லிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவில் உள்ள நாஷ்வில் நகரில், கறுப்பின மருத்துவர்களைப் பயிற்றுவித்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருந்தது. அங்குதான் சிகிச்சை கிடைக்கும். வாரந்தோறும் பிளாஞ்ச் அம்மையார் மகளை அழைத்துக்கொண்டு பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்று வந்தார். ஈராண்டுகள் இப்பயணம் நடந்தது. வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலி இல்லாத ஒரு வீட்டில் வாரத்துக்கு ஒரு நாளை இவ்வாறு ஒதுக்குவது எளிய செயலன்று. காலைத் தேய்த்துவிடும் முறையை மருத்துவமனையில் உள்ளோரிடம் தாயார் கற்றுக்கொண்டார். வீட்டிலிருந்த பெரிய பிள்ளைகளுக்கும் கற்பித்தார். நாள்தோறும் நான்கு முறை அண்ணன்மாரும் அக்காமாரும் முறை வைத்துக்கொண்டு அந்தச் சிறு காலை நீவிவிட்டனர். காலில் இரும்புச் சட்டம், பின்னர் அதற்கென்றே செய்த உயர்ந்த காலணி என்று ஆண்டுகள் நகர்ந்தன. ஏறத்தாழப் பன்னிரண்டாம் அகவையில்தான் சிறுமி அவற்றையெல்லாம் களைந்து நடந்தாள்.

நடந்தவள் உடனே ஆடத் தொடங்கினாள். கூடைப்பந்து ஆட்டத்தில் அவளுக்கு ஆசை மிகுதி. ஆடுகளத்தில் ஓரிடத்தில் நில்லாது ரீங்காரமிட்டுச் சுற்றி வந்தமையால் பள்ளிப் பயிற்சியாளர் கிளின்டன் கிரே அவளுக்குக் கொசு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவ்வாட்டம் ஒன்றின்போதுதான் டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் எட் டெம்பிள் அவளைக் கண்டார்.

இந்த டெம்பிள் என்பவரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. கறுப்பின மாணவர்க்கென ஏற்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில், போதிய பணமின்றி, நல்ல மைதானமுமின்றி, உலகத்திலேயே விரைவாக ஓடும் பெண்களை அவர் உருவாக்கினார். வெளியூர்ப் போட்டிகளுக்கு மாணவியரைக் காரில் ஏற்றிச் செல்வார். வழியிலுள்ள உணவு விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை; ஆகவே கட்டுச்சோறு கொண்டு செல்வது வழக்கம். கண்டிப்பில் அவர் நம் ஊர்ப் பழைய பள்ளி வாத்தியார்களுக்குச் சற்றும் குறைந்தவரல்லர். பயிற்சிக்கு எத்தனை நிமிடம் தாமதித்து வருகிறார்களோ அத்தனை சுற்றுகள் மிகுதியாக ஓட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஒரு நாள் அரை மணி தாமதமாக எழுந்த வில்மா முப்பது சுற்றுகள் ஓடினார் என்றும், மறுநாள் குறித்த வேளைக்கு அரை மணி முன்னதாகவே வந்து காத்திருந்தார் என்றும் கூறுவர்.

தொடக்கத்தில் தோல்வியும் உண்டு. டஸ்கீஜி என்னும் ஊரில் நடந்த போட்டியில் ஓடிய பந்தயங்கள் எல்லாவற்றிலும் தோற்றார். இயல்பாகவே வேகமாக ஓடுபவர்க்கும் கற்றுக்கொண்டு ஓடுபவர்க்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு உணர்த்தியது அந்த நாள். ஏறத்தாழ ஆறடி உயரம் வளர்ந்தவராதலால் தொடக்கக் கோட்டிலிருந்து எழுந்து புறப்படுவதில் அவர் பிற்படுவது வழக்கம். நீண்ட கால்கள் முழு வீச்சுக்கு வந்த பின்னரோ அவரை எட்டிப் பிடிப்பார் இலர்.

பதினாறாம் அகவையில், 1956-இல், மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 200 மீட்டரில் முதற் சுற்றுகளைத் தாண்டவில்லை. 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் கிடைத்தது. அங்கு ஆஸ்திரேலிய நங்கை பெட்டி கத்பர்ட் மூன்று தங்கம் வென்றதைக் கண்ணாரக் கண்டார்.

1958-இல், பள்ளிப் படிப்பின் இறுதியில், மணமாகாத நிலையிலேயே ஒரு பெண் மகவுக்குத் தாயானார். அத்துடன் ஓட்டமும் கல்லூரியும் முடிந்தன என்றே ஊரார் எண்ணியிருப்பர். தாய்மார்களைத் தம் அணியில் சேர்ப்பதில்லை என்னும் வழக்கத்தை டெம்பிள் அவருக்காகத் தளர்த்தினார். குழந்தையை வீட்டுப் பெரியோர் ஏற்று வளர்த்தனர். பிற்காலத்து வரலாறுகள் சில இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. முன்பு அவருடைய காலை நீவிவிட்ட அதே குடும்பம் இம்முறை அவருடைய குழந்தையைத் தாங்கியது. ரோமாபுரி வெற்றியில் இதற்கும் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

1960 ஜூலையில் 200 மீட்டரை 22.9 விநாடிகளில் ஓடி உலக சாதனை செய்தார். 23 விநாடிகளுக்குக் குறைவாக அத்தொலைவை ஓடிய முதற் பெண் அவரே. ரோமாபுரி சென்றபின், 100 மீட்டர் பந்தயத்திற்கு முந்திய நாள் ஒரு பள்ளத்தில் கால் இடறிக் கணுக்கால் வீங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினார். அரை இறுதியில் 11.3 விநாடி, அன்றிருந்த உலக சாதனைக்கு அது சமம். செப்டம்பர் 2-ஆம் நாள் இறுதிப் பந்தயத்தில் 11.0 விநாடியில் கோட்டைக் கடந்தார். இங்கிலாந்தின் டாரதி ஹைமன் இரண்டாமவர். ரோமாபுரி மக்கள் பேரொலி எழுப்பி ஊக்கிய இத்தாலிய நங்கை ஜுசெப்பினா லியோனே மூன்றாமவர். ஆயினும் வில்மாவின் 11.0 உலக சாதனையாகப் பதிவாகவில்லை. பின்னிருந்து வீசும் காற்றின் வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால் அந்நேரம் சாதனையாகக் கொள்ளப்படுவதில்லை. அன்று அது 2.75 மீட்டராக இருந்தது. வெற்றி வெற்றியே, காற்று பறித்தது கணக்கை மட்டுந்தான்.

செப்டம்பர் 5-இல் 200 மீட்டர் இறுதி. எதிர்க்காற்றில் 24.0 விநாடியில் எளிதாக வென்றார். அதற்கு மறுநாள், அதே மைதானத்தில், நம் மில்கா சிங் 400 மீட்டர் இறுதியில் நூலிழையில் வெண்கலத்தை இழந்து நான்காமவராக வந்தார். அவ்வாரத்தில் அந்த ஓடுதளம் ஒரு நாட்டுக்கு மகிழ்ச்சியும் மற்றொரு நாட்டுக்கு ஆறாத ஏக்கமும் தந்தது.

எஞ்சியது தொடர் ஓட்டம். மார்த்தா ஹட்சன், லூசிந்தா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ஆகிய நால்வரும் டெம்பிளின் மாணவியர். இவ்வோட்டத்தில் வேகத்தைப் போலவே கைமாற்றமும் முக்கியம். அக்காலத்தில் 20 மீட்டர் எல்லைக்குள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கோல் சென்றாக வேண்டியிருந்தது. பெறுபவர் திரும்பிப் பாராமல், ஓடிக்கொண்டே, கையைப் பின்னால் நீட்டிப் பெற வேண்டும். அரை இறுதியில் 44.4 விநாடி என உலக சாதனை செய்த இவ்வணி, இறுதியில் கோலைத் தவறவிடும் நிலைக்கு வந்துவிட்டது. கோல் வில்மாவின் கையில் சரியாகப் படியாமல் நழுவப் பார்த்தது. அவர் அதனைப் பற்றி நிலைபெறுவதற்குள் ஜெர்மன் அணி முந்திவிட்டது. எஞ்சிய தொலைவில் அவர் முன்சென்றவரைப் பிடித்து, கடந்து, 44.5 விநாடியில் ஓட்டத்தை முடித்தார். ஓர் ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்னும் பெருமை அவருக்குக் கிட்டியது. தொலைக்காட்சி அப்போதுதான் ஒலிம்பிக்கை வீடுகளுக்குள் கொண்டு சென்றிருந்தது. அவருடைய முகத்தை அமெரிக்கா முழுவதும் அறிந்தது.

இனி, பதக்கங்களைக் காட்டிலும் நம் உள்ளத்தை ஈர்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். கிளார்க்ஸ்வில் நகரம் அவரை வரவேற்க விரும்பியது. ஊர்வலம், விருந்து எல்லாம் திட்டமிட்டனர். ஆனால் அவ்வூர் வழக்கப்படி வெள்ளையர் ஒருபுறம், கறுப்பினத்தார் மறுபுறம். மாநில ஆளுநர் பஃபர்ட் எலிங்டன் இனப் பிரிவினையை ஆதரித்துப் பதவிக்கு வந்தவர். இருபதே வயதான வில்மா, அவ்வாறு பிரித்து நடத்தப்படும் வரவேற்பிற்குத் தாம் வர இயலாது எனத் தெரிவித்துவிட்டார். கௌரவிக்க வந்த ஊரை நோக்கி நிபந்தனை விதிப்பது எத்துணைக் கடினம்! பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவ்வூரில்தான் பிழைத்தாக வேண்டும். தாயார் வேலை செய்ததும் அங்குள்ள வீடுகளில்தான். இருந்தும் அவர் தளரவில்லை. ஊர் இணங்கியது. 1960 அக்டோபர் 4-ஆம் நாள் ஊர்வலத்தில் இரு இனத்தாரும் ஒரே தெருவில் நின்று ஆரவாரித்தனர். இரவு விருந்தில் ஏறத்தாழ 1,100 பேர் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்டனர். அந்நகரின் வரலாற்றில் இனப் பிரிவின்றி நடந்த முதற் பொது நிகழ்ச்சி அதுவே.

ஒரு நாள் விருந்து ஊரை முற்றிலும் மாற்றிவிடவில்லை. 1963 மே மாதத்தில் அதே நகரின் ஓர் உணவகத்தில் கறுப்பினத்தார்க்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் வில்மாவும் நின்றார். அவருக்கும் உள்ளே இடம் கிடைக்கவில்லை. அதன்பின் சில நாட்களில் பொது இடங்கள் அனைத்தும் எல்லோர்க்கும் திறந்துவிடப்படும் என நகரத் தலைவர் அறிவித்தார்.

இதற்கிடையே 1961-இல் ஸ்டட்கார்ட் நகரில் 100 மீட்டரை 11.2 விநாடியில் ஓடினார். இம்முறை அது உலக சாதனையாகவே பதிவாயிற்று. அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். 1962-இல் சோவியத் அணியை எதிர்த்து ஓடி வென்றபின், 22 வயதில், பந்தயங்களிலிருந்து விலகினார். 1964-இல் டோக்கியோ சென்று இரண்டு தங்கம் மட்டும் பெற்றால் அதனை உலகம் தோல்வி என்றே கொள்ளும் என்று அவர் கருதினார். நாமும் அவ்வாறுதான் பேசியிருப்போம்.

அக்காலத்து ஒலிம்பிக் வீரர் பொருளுக்காக ஓடலாகாது. உலகப் புகழ் பெற்றவருக்கு வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் வேண்டியிருந்தது. 1963-இல் பட்டம் பெற்று, தாம் சிறுமியாகப் படித்த பள்ளியிலேயே ஆசிரியையானார். மணம் புரிந்தார், நான்கு மக்களுக்குத் தாயானார், மணவாழ்வு நிலைக்கவில்லை. பல ஊர்களில் பல பணிகள் செய்தார். 1977-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. 1981-இல் இண்டியானாபோலிஸ் நகரில் ஏழைச் சிறுவர் சிறுமியர்க்கு விளையாட்டும் கல்வியும் அளிப்பதற்காகத் தம் பெயரில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வயோமியா டயஸ் 1964, 1968 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் 100 மீட்டர் தங்கத்தை வென்றார். அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் அப்பந்தயத்தில் பட்டத்தைக் காத்துக்கொண்டதில்லை. அவருக்கும் பயிற்சியாளர் டெம்பிள்தான்.

1994-ஆம் ஆண்டு ஜூலையில் வில்மாவின் மூளையில் புற்றுநோய் கண்டது. நவம்பர் 12-ஆம் நாள், 54-ஆம் அகவையில், நாஷ்வில்லுக்கு அருகில் காலமானார். டென்னஸி மாநிலமெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. வாரந்தோறும் பேருந்தில் அவரை அழைத்துச் சென்ற தாயார் பிளாஞ்ச் அதே ஆண்டில், மகளின் நோய் தெரிய வருவதற்குச் சற்று முன்னர்தான், மறைந்திருந்தார்.