நீதியரசர் சையித் மஹ்மூத்

அலீகர் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவது சர் சையித் அஹ்மத் கானின் பெயரே. அப்பெருமகனாரின் இளைய மைந்தர் சையித் மஹ்மூதைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர். ஏனையோர் அறிந்தது குறைவு. இந்தியாவில் உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். அந்த முதன்மையை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டு நின்றுவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு முடிவுக்கு அவர் எவ்வழியில் வந்து சேர்ந்தார் என்பதே நாம் கருத்தூன்றிக் காணத்தக்கது.

1850இல் தில்லியில் பிறந்த மஹ்மூத், 1869இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். தந்தையாரும் உடன் சென்றார். லிங்கன்ஸ் இன்னில் சட்டமும் கேம்பிரிட்ஜில் உயர்கல்வியும் பயின்று, 1872இல் பாரிஸ்டராகத் திரும்பி அலகாபாத்தில் வழக்குரைக்கத் தொடங்கினார். பின்னர் அவத் பகுதியில் மாவட்ட நீதிபதியானார். 1882இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாகவும், 1887இல் நிலையான நீதிபதியாகவும் அமர்த்தப்பெற்றார். ஆங்கிலச் சட்டத்தோடு அரபியும் பாரசீகமும் அவருக்குக் கைவந்திருந்தன. உடன் அமர்ந்த ஆங்கில நீதிபதிகள் ஹிதாயா நூலை ஹாமில்டன் 1791இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பின் வழியே அறிந்தனர். அப்பெயர்ப்போ பாரசீகப் பெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது. மஹ்மூத் மூல அரபியையே நேரில் படித்தார்.

1885இல் வந்த ஆமீன் வழக்கை முதலிற் சொல்ல வேண்டும். பனாரஸ் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகையின்போது சிலர் ஆமீனை உரக்கக் கூறினர். மெல்லக் கூறும் வழக்கமுடையோர் இதனை இடையூறெனக் கொண்டனர். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பதைத் தண்டிக்கும் 296ஆம் பிரிவின்கீழ் கீழ்நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. வழக்கு உயர்நீதிமன்ற முழு ஆயத்தின் முன் வந்தது. ஷாஃபிஈ ஜமாஅத்துகளும் ஹனஃபீ ஜமாஅத்துகளும் அருகருகே வாழும் தமிழகத்தில், கடலோர ஊர்ப் பள்ளிகளில் ஓங்கி ஒலிக்கும் ஆமீனைக் கேட்டுப் பழகிய நமக்கு இது வழக்கானதே வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அன்று சிலருடைய தண்டனை அதனைப் பொறுத்திருந்தது.

ஷரீஅத் அயல்நாட்டுச் சட்டமன்று. சாட்சி வைத்து மெய்ப்பிக்கும் வரை நீதிமன்றம் காத்திருக்க வேண்டியதில்லை. தானே ஆராய்ந்தறிதல் அதன் கடமை என்று மஹ்மூத் கொண்டார். ஆமீன் கூறுவதில் மத்ஹபுகளுக்குள் பிணக்கில்லை, குரலின் அளவிலேயே வேறுபாடு என்பதைச் சட்ட நூல்களிலிருந்து எடுத்துக்காட்டினார். முஸ்லிம்கள் அனைவர்க்கும் திறந்த இறையில்லத்தில், மார்க்கம் இசைந்த முறையில் உண்மையுள்ளத்தோடு தொழுதவர் குற்றவாளியாகார் என்பது அவர் முடிபு. மற்ற நீதிபதிகள் உடன்படவில்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில், 1889இல், அதே நீதிமன்றத்தின் முழு ஆயம், பள்ளிவாசல் ஒரு பிரிவினர்க்கு மட்டும் உரியதன்று என்று தீர்ப்பளித்தது. தனித்து நின்ற கருத்து சட்டமாயிற்று.

மஹர் பற்றிய 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படுகிறது. உடனே தரவேண்டிய மஹரைத் தராத கணவன், தன்னோடு வாழ வருமாறு மனைவி மேல் வழக்கிடலாமா என்பது வினா. இருவரும் கூடி வாழ்ந்த பின்னரும் மனைவி மறுக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மாணாக்கர் இருவரும் அதனின் வேறுபட்டனர். இம்மை நடவடிக்கைகளில் காழியாக இருந்து வழக்குகளைத் தீர்த்த அனுபவமுடைய அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்துக்கு மஹ்மூத் சிறப்பிடம் தந்தார். அதே வேளையில் மனைவியின் உரிமையைக் கைவிட்டாரில்லை. மஹரைச் செலுத்தினாலன்றி ஆணை செயற்படாது என நிபந்தனை விதிக்கலாம் என்றார். நூலில் உள்ள இரண்டு கருத்துகளுள் ஒன்றைத் தேர்வதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும் என்னும் அவரது ஒழுங்கு இங்கே தெளிவாகிறது.

ஷுஃப்ஆ எனும் முன்வாங்கும் உரிமை பற்றியும் அவர் விரிவாக எழுதினார். அது நிலத்தையே பற்றிய உரிமை என்ற அவரது விளக்கத்தை 1954இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. அண்டை நிலத்தார் என்பதொன்றாலேயே கோரும் முன்வாங்கும் உரிமை 1962இல் அரசமைப்புக்கு முரணெனத் தள்ளப்பட்டது தனிக்கதை.

நம் உள்ளத்தை மிகத் தொடுவது 1891இன் போஹ்பி வழக்கு. சிறைக்குள்ளிருந்து மேல்முறையீடு செய்த கைதிக்கு வழக்கறிஞர் இல்லை. முன்னிலையானால் அவரைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பூட்டிய கதவுக்குள் இருப்பவர் எங்ஙனம் முன்னிலையாவார்? அறிவிப்பு அனுப்பிவிட்டால் போதும், ஏடுகளைப் படித்து முடிக்கலாம் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. படித்தல் வேறு, கேட்டல் வேறு என்று மஹ்மூத் மறுத்தார். வாயற்றவனின் வழக்கையும் அவன் சொல்லக் கேட்டே முடிக்க வேண்டும் என்ற அக்கருத்தில் அவர் அன்று தனியரே.

இத்தகைய தீர்ப்புகள் விரைவில் எழுதி முடிவனவல்ல. ஆராய்ச்சி நீள, வழக்குகள் தேங்கின. தலைமை நீதிபதி சர் ஜான் எட்ஜுக்கும் அவர்க்கும் பகைமை முற்றியது. மதுப்பழக்கமும் அவரைப் பற்றியிருந்தது. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. காலங்கடந்த தீர்ப்பால் வழக்காளி படும் துன்பத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வகையில் எட்ஜின் குறையில் ஒரு பகுதி நியாயமே. ஆயினும் ஏடுகளைப் புரட்டி விரைந்து முடிப்போரை விட, அவரது காலத்தாழ்வு குறைவான தீங்கே என்பது நம் துணிபு.

1893இல், நாற்பத்து மூன்று வயதில், அவர் பதவி துறந்தார். 1895இல் இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். தந்தையாரோடு இறுதிக்காலத்தில் மனக்கசப்பு. 1898இல் சர் சையித் மறைந்தது நண்பர் ஒருவர் இல்லத்தில். மஹ்மூத் 1903 மே மாதம் சீதாபூரில் காலமானார். அலீகர் கல்லூரிப் பள்ளிவாசலின் அருகில், தந்தையாரின் பக்கத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.