இராமானுசன் கண்ட பேரெண்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்தமையால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

தன்னினும் சிறிய எல்லா எண்களைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளைக் கொண்டதே மிகுபகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்வகை எண்களின் இயல்புகளை இராமானுசன் வகுத்தார். பகாக் காரணி பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு ஏறுவதில்லை. இறுதிக் காரணி ஒருமுறையே வரும். 4, 36 ஆகிய இரண்டே இதற்கு விலக்கு.

கணிப்பொறியில்லாக் காலத்தில் அவர் தொகுத்த பட்டியல் 67,46,32,83,88,800-இல் முடிகிறது. 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை எனப் பெருக்க விளைவது அது. அதன் வகுத்திகள் 10,080.

இவ்வாய்வை இலண்டன் கணிதக் கழகம் 1915-இல் வெளியிட்டது. பொருள்முடையால் ஒரு பகுதி அச்சேறவில்லை. தேர்வுகள் மறுத்த பட்டத்தை இவ்வாய்வே 1916-இல் கேம்பிரிட்ஜில் ஈட்டித் தந்தது. 1918-இல் இராயல் கழக உறுப்பினரானார்.

பட்டியலில் 2,93,31,86,25,600 மட்டும் விடுபட்டிருந்தது. அதனை 23-ஆல் பெருக்கினால் வருவது, அவர் பிழையறக் குறித்த அந்த இறுதி எண்ணே!

1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32-ஆம் அகவையில், சென்னையில் மறைந்தார். அச்சேறாத பகுதி 1997-இல் வெளிவந்தது.