கல்லணையிடம் கற்றவர்

பழந்தமிழரின் நீர் மேலாண்மைக்குக் கல்லணை கண்கூடான சான்றாகும். அதனைக் கண்டு வியந்ததோடு அமையாமல், அதன் நுட்பத்தைப் பயின்று, வறண்டுவந்த தஞ்சை வளநாட்டுக்கு மீண்டும் நீர் கிடைக்கச் செய்தார் அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவர். அவர்தம் வாழ்வை அறிவோம்.

காவிரிக்கு வந்தவர்

ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1821இல் சென்னைக்கு வந்தார். நீர்நிலைகளைச் சீரமைக்கும் பணிகளில் பட்டறிவு பெற்ற அவர், 1829இல் காவிரிப் பாசனப் பகுதியின் பொறுப்பை ஏற்றார்.

மேடான காவிரி

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அது கடலை அடையும் தொலைவும் குறைவு. காவிரியிலோ மணல் படிந்து படுகை உயர்ந்துகொண்டே வந்தது. ஆகவே, வயல்களுக்குப் பாய வேண்டிய நீர் கொள்ளிடத்தில் புகுந்து கடலில் கலந்தது. கடைமடை உழவரின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. நிலவரி குறையுமே என்னும் கவலை கம்பெனியாருக்கும் எழுந்தது.

மணல்மேல் அணை

பாறையற்ற மணற்படுகையில் அணை எழுப்புவது எவ்வாறு? அதற்கு விடை கல்லணையில் இருந்தது. ஆற்றில் இடப்பட்ட பெரும்பாறைகள் தம் எடையாலேயே மணலுள் இறங்கி அடித்தளமாயின; அவற்றின்மேல் பாறைகளை அடுக்கிக் களிமண்ணால் பிணைத்திருந்தனர் பழந்தமிழர். இந்நுட்பத்தை அவர்களிடமே கற்றதாகக் காட்டன் தயக்கமின்றி எழுதினார். அவ்வணைக்கு மகத்தான அணை என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரும் சூட்டினார்.

கல்லணையில் தேங்கிய மணலை வெளியேற்ற மணற்போக்கிகளை அமைத்தார். பின்னர், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் உருவாயின. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கீழணை வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்பியது.

எனினும், ஆறு எளிதில் அடங்கிவிடவில்லை. மேலணையால் காவிரியில் நீர் மிகுந்து படுகை அரிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைத்து அதனைச் சரிசெய்ய நேர்ந்தது. ஒரு கிளையைத் திருத்தினால் மறுகிளையையும் காக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

நிலைத்த பயன்

காவிரியில் பெற்ற அறிவு கோதாவரிக்குத் துணைநின்றது. பஞ்சத்தால் நலிந்த அப்பகுதியில் 1847இல் தவளேசுவரம் அணையைத் தொடங்கி, 1852இல் நிறைவுசெய்தார். இருப்புப்பாதைகளைவிடப் பாசனத்துக்கும் நீர்வழிகளுக்கும் முதலிடம் தரவேண்டும் என வாதிட்டார். அதனால் எதிர்ப்புகளையும் சந்தித்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தமது 96ஆம் வயதில் இங்கிலாந்தில் மறைந்தார்.

மேலணையின் ஒன்பது மதகுகள் 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தன. எத்துணை உறுதியான அணையும் இடையறாத பராமரிப்பை வேண்டி நிற்கிறது. முன்னோரிடம் கற்று, கற்றதைப் பயன்படுத்தி, அடுத்த தலைமுறைக்குக் காத்தளிப்பதே நீருக்கு நாம் ஆற்றும் கடமையாகும்.