கட்டுமரத்தைக் கண்டு எழுதிய கடல் கொள்ளைக்காரர்

மதுரையைச் சுற்றிச் சமயநல்லூர், மேலூர்ப் பக்கத்து ஊர்களில், கோடையில் கண்மாய் வற்றினால் ஒரே கொண்டாட்டம்தான். பெரியவர்களும் பிள்ளைகளும் ஊத்தாவும் வலையுமாகத் தண்ணீரில் இறங்குவார்கள். ஒரு பெரிய விரால் சிக்கிவிட்டால் போதும். அன்று முழுவதும் அதே பேச்சு.

முழங்கால் தண்ணீரில் ஒரு விராலைப் பிடிப்பதே இந்தப் பாடு. கரை தெரியாத கடலில், ஓர் ஆள் உட்கார மட்டுமே இடம் உள்ள சின்னஞ்சிறு மரத்தில் இருந்துகொண்டு, ஆளைவிடப் பெரிய மீனைப் பிடிப்பது என்றால் எப்படி இருக்கும்?

இன்று வெளிநாடுகளில் இது ஒரு விளையாட்டு. 'கயாக்' என்ற ஒற்றை ஆள் தோணியில் ஏறி, வெப்பக் கடல்களில் பெரிய மீன்களோடு போராடுகிறார்கள். ஆனால் 300 ஆண்டுகளுக்கு முன்பு இது விளையாட்டு அல்ல. வயிற்றுப் பிழைப்பு. அப்படிப் பிழைத்த மனிதர்களை உலகத்தின் பல மூலைகளில் நேரில் பார்த்து எழுதி வைத்தார் ஓர் ஆங்கிலேயர். நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் அவர் எழுத்தில் இருக்கிறது.

அவர் பெயர் வில்லியம் டாம்பியர். அவர் செய்த தொழில், கடல் கொள்ளை!

உழவர் வீட்டுப் பிள்ளை

டாம்பியர் 1651-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஈஸ்ட் கோக்கர் என்ற கிராமத்தில் பிறந்தார். உழவர் குடும்பம். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஏர் பிடிக்க அவருக்கு மனம் இல்லை. கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்.

குளிர்க் கடலுக்கு ஒருமுறை போனார், பிடிக்கவில்லை. ஜாவாத் தீவுக்குப் போனார். வெயில் அவருக்குப் பிடித்துவிட்டது. கடற்படையில் சேர்ந்து டச்சுக்காரர்களோடு போரிட்டார். ஜமைக்காத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மெக்சிகோ காட்டில் சாயமரம் வெட்டினார். 1676-ல் அடித்த பெரும் புயல் அங்கே அவரிடம் இருந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போயிற்று.

ஊருக்குத் திரும்பி ஜூடித் என்ற பெண்ணை மணந்தார். ஆனால் வீடு தங்கவில்லை. 1679-ல் மறுபடியும் கப்பல் ஏறினார். மனைவி அவரை மீண்டும் பார்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின!

அந்தக் காலத்தில் ஸ்பெயின் நாட்டுக் கப்பல்கள் அமெரிக்காவில் இருந்து வெள்ளியை அள்ளிக்கொண்டு போகும். அவற்றை மறித்துக் கொள்ளையடிக்கப் பெரிய கூட்டம் இருந்தது. டாம்பியரும் அதில் சேர்ந்தார்.

மற்றக் கொள்ளைக்காரர்கள் வெள்ளியைத் தேடினார்கள். டாம்பியர் காற்று, அலை, மரம், பறவை, மீன் எல்லாவற்றையும் கவனித்தார். கவனித்ததை எழுதினார். ஆறுகளை நீந்திக் கடக்க வேண்டியிருந்தபோது, காகிதங்களை ஒரு பெரிய மூங்கில் குழாய்க்குள் போட்டு, இரு பக்கமும் மெழுகால் அடைத்துக்கொண்டார். துப்பாக்கியைப் போலவே அதையும் காப்பாற்றினார்.

நூறு பேருக்குச் சோறு போட்ட இருவர்

கொள்ளைக் கப்பலில் நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மத்திய அமெரிக்காவில், இன்றைய நிக்கராகுவா, ஹோண்டுராஸ் கரையில் மிஸ்கிட்டோ என்ற இனத்தார் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரையோ இருவரையோ கப்பலில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இருவர் நூறு பேருக்கு உணவு தேடித் தந்துவிடுவார்கள் என்று டாம்பியர் எழுதியிருக்கிறார்.

அவர்கள் சொந்தத் தோணியில்தான் போவார்கள். ஒருவர் துடுப்புப் போடுவார். மற்றவர் முன்னால் ஈட்டியோடு நிற்பார். அவர்கள் தேடுவது கடல் ஆமை, பெரிய மீன், கடல் பசு. கடல் பசு 10 அடி, 12 அடி நீளம் இருக்கும். அதற்குக் காது மிகக் கூர்மை. ஆகவே இருவரும் பேச மாட்டார்கள். துடுப்புச் சத்தம்கூடக் கேட்காது.

ஈட்டி பாய்ந்ததும் கம்பு கழன்றுவிடும். இரும்பு முனை மட்டும் உடலில் நிற்கும். அதில் நீண்ட கயிறு. கயிற்றின் மறு முனையில் ஒரு மிதப்புக் கட்டை. விலங்கு ஓடும், கட்டையும் நீர்மேல் ஓடும். கட்டையைப் பார்த்துத் தோணி துரத்தும். அது களைத்த பிறகே கிட்டே போவார்கள். சிறிய தோணியில் இருந்துகொண்டு பெரிய விலங்கோடு பலம் பார்த்தால் தோணிதான் கவிழும். களைக்க விடுவதுதான் தந்திரம்.

கடல் பசுவின் உறவுதான் நம் பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியா. அதைப் பிடிப்பது இன்று குற்றம். 2022-ல் தமிழக அரசு அதற்காகக் கடலில் ஒரு காப்பகத்தையே அமைத்தது.

தனித் தீவில் ஒருவர்

1681-ம் ஆண்டு. சிலி நாட்டுக்கு மேற்கே ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் கொள்ளைக் கப்பல் நின்றது. வில் என்ற மிஸ்கிட்டோக்காரர் காட்டில் ஆடு வேட்டைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்பெயின் கப்பல்கள் தெரிந்தன. கொள்ளைக்காரர்கள் வில்லை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

வில்லிடம் இருந்தவை ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, கொஞ்சம் மருந்து, சில குண்டுகள். குண்டு தீர்ந்தது. அவர் என்ன செய்தார்? கத்தியில் பல் வைத்து ரம்பம் ஆக்கினார். துப்பாக்கிக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்தார். நெருப்பில் காய்ச்சி, கல்லால் அடித்து, ஈட்டியும் தூண்டில் முள்ளும் செய்தார். கடல் நாயின் தோலைக் கீறித் தூண்டில் கயிறு திரித்தார். மீனும் ஆடும் தின்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனியாக உயிர் வாழ்ந்தார்.

1684-ல் டாம்பியர் இருந்த கப்பல் அங்கே வந்தது. வில் முதல் நாளே கப்பலைப் பார்த்துவிட்டார். வருகிறவர்கள் தம்மைக் கைவிட்ட இனத்தாரே என்று தெரிந்தது. ஆனாலும் மூன்று ஆடுகளை அடித்து, அவர்களுக்கு விருந்து சமைத்து வைத்துக் காத்திருந்தார். கரையில் முதலில் குதித்தவர் ராபின் என்ற மிஸ்கிட்டோக்காரர். அவர் வில்லின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வில் அவரைத் தூக்கி அணைத்தார். பிறகு அவரும் அப்படியே விழுந்தார். கொள்ளைக்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து அசையாமல் நின்றார்கள்.

மீனே இல்லாத கடல்

1686-ல் டாம்பியரின் கப்பல் மெக்சிகோவில் இருந்து பசிபிக் கடலைக் கடக்கப் புறப்பட்டது. கையில் இருந்தது சோளம். உப்பிட்ட களவா மீன் மூன்று வேளைக்கு மட்டும். வழி முழுவதும் ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. ஈட்டி வீச ஆள் இருந்தும் பயன் இல்லை.

51 நாட்கள் கழித்துக் குவாம் தீவு தெரிந்தது. அப்போது மூன்று நாள் உணவே மிச்சம். அது தீர்ந்தால் முதலில் கப்பல் தலைவரையே தின்றுவிடுவது என்று ஆட்கள் முடிவு செய்திருந்தார்களாம்!

ஒரு கோடரிக்கு ஒரு தோணி

1688-ல் டாம்பியருக்குக் கொள்ளை வாழ்வு சலித்தது. நிக்கோபார் தீவில் இறங்கிக்கொண்டார். அவரோடு இன்னும் இரண்டு ஆங்கிலேயர்கள், ஒரு போர்த்துக்கீசியர், சுமத்திராவின் ஆச்சே நாட்டார் நால்வர். மொத்தம் எட்டுப் பேர்.

ஒரு கோடரியைக் கொடுத்துத் தீவு மக்களிடம் ஒரு தோணி வாங்கினார்கள். ஏறியதும் அது கவிழ்ந்தது. எல்லாம் நனைந்தன. டாம்பியர் தம் காகிதங்களை நெருப்பில் காட்டி உலர்த்தினார். ஆச்சே நாட்டார் தோணியின் இரு பக்கமும் மிதப்புக் கட்டைகளைக் கட்டினார்கள். பிறகு தோணி நிமிர்ந்து நின்றது.

அந்தத் தோணியில் சுமத்திராவுக்குப் புறப்பட்டார்கள். நூறு மைலுக்கு மேல் திறந்த கடல். மே 18-ம் தேதி புயல் பிடித்தது. இருட்டு. மழை. மலை போன்ற அலை. கட்டைகளைப் பிணைத்த கம்புகள் வில்லாக வளைந்தன. ஒன்று ஒடிந்தாலும் எட்டுப் பேரும் மடிவார்கள். டாம்பியரும் இன்னொருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தார்கள். மற்றவர்கள் தண்ணீரை இறைத்தார்கள்.

கப்பலில் போரிட்டபோது வராத பயம் டாம்பியருக்கு அப்போது வந்தது. போரில் இரத்தம் சூடாக இருக்கும். கொள்ளை ஆசை கண்ணை மறைக்கும். இங்கே சாவு மெதுவாக நெருங்கியது. தாம் செய்த தீமைகள் எல்லாம் அவர் கண்முன் வந்தன. கடவுளை நினைத்து வருந்தினார்.

விடிந்தது. மேலும் இரண்டு நாள் போராடிக் கரை சேர்ந்தார்கள். காய்ச்சலில் நடுங்கிய அந்த எட்டுப் பேரையும் இடம் கொடுத்துக் காப்பாற்றியது ஆற்று முகத்தில் இருந்த ஒரு சிறிய மீனவர் கிராமம்.

நம் கரையில் கண்டது

1690-ல் டாம்பியர் சென்னைக்கு வந்து புனித ஜார்ஜ் கோட்டையில் சில மாதங்கள் தங்கினார். அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கரையோர அலையில் வெள்ளைக்காரரின் படகுகள் நொறுங்கும். நம் மீனவர்கள் அதே அலையைக் கட்டுமரத்தில் சர்வ சாதாரணமாகத் தாண்டுவார்கள்.

எடை குறைந்த மரங்கள். அவற்றைப் பிணைக்கக் கயிறு. அவ்வளவுதான். ஆணி இல்லை, அடித்தட்டு இல்லை. ஏறும் தண்ணீர் இடுக்கு வழியே ஓடிவிடும். ஆகவே அது மூழ்குவதே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடலாம். ஒரே ஆள் காலும் இடுப்பும் நனைய உட்கார்ந்து போகும் சிறிய மரங்களைப் பற்றி டாம்பியர் வியப்போடு எழுதினார். ஆங்கில நூல்களில் கட்டுமரம் என்ற சொல்லைப் பரப்பிய முதல் சிலரில் அவரும் ஒருவர். இன்று அந்தச் சொல்லை உலகம் இரட்டைப் படகுக்கு வைத்துக்கொண்டது. நம் கரையிலோ கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

டாம்பியர் செய்த இன்னொரு காரியம் பெருமைக்குரியது அல்ல. உடம்பெல்லாம் பச்சை குத்திய ஜியோலி என்ற தீவு மனிதரை ஒருவர் அடிமையாக வைத்திருந்தார். டாம்பியர் அவரில் பாதிப் பங்கு பெற்றார். 1691-ல் லண்டனுக்கு அழைத்துப் போனார். பண முடை வந்ததும் விற்றுவிட்டார். ஜியோலியைக் காசுக்குக் காட்டினார்கள். சொந்தத் தீவைக் காணாமலே அவர் அம்மை கண்டு ஆக்ஸ்போர்டில் இறந்தார்.

புகழும் வீழ்ச்சியும்

1697-ல் டாம்பியரின் பயண நூல் வெளிவந்தது. நாடே வாங்கிப் படித்தது. கொள்ளைக்காரரை அறிஞர்கள் அழைத்துப் பேசினார்கள். 1699-ல் அரசாங்கம் ஒரு கப்பலைக் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. ஆனால் அவருக்கு ஆட்களை ஆளத் தெரியவில்லை. துணைத் தலைவரை அடித்துச் சிறையில் போட்டார். திரும்பும் வழியில் கப்பல் ஓட்டையாகி மூழ்கியது. 1702-ல் கடற்படை நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது. அரசுக் கப்பலுக்குத் தலைவராக இருக்கத் தகுதி இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னது.

மறுபடியும் கடலுக்குப் போனார். 1709-ல், வில் இருந்த அதே தீவில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே வாழ்ந்த செல்கிர்க் என்ற மாலுமியை மீட்ட கப்பலில் வழிகாட்டியாக இருந்தவர் டாம்பியரே. செல்கிர்க்கின் கதையை ஒட்டி 1719-ல் 'ராபின்சன் குரூசோ' நாவல் பிறந்தது என்பார்கள்.

உலகை மூன்று முறை சுற்றிய முதல் மனிதர் டாம்பியர். 1715-ல் லண்டனில் கடனாளியாக இறந்தார். கடைசிப் பயணத்தின் பங்குப் பணம் முழுவதும் கைக்கு வருமுன்பே உயிர் போய்விட்டது.

டாம்பியர் அடித்த கொள்ளையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மூங்கிலில் காத்த காகிதம் மிஞ்சியது. அதில் வில்லும், ராபினும், பெயர் தெரியாத நம் கட்டுமரக்காரரும் இன்றும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.