மானிப்பாயின் வைத்தியர் சாமுவேல் கிறீன்



நமது சபையில் எத்தனை பேர் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடிந்து நேரே ஆராதனைக்கு வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. சிலருக்கு மற்றவர்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் கிடைத்திருக்கிறது. அவர்களுக்காகவும், நாளை அந்தப் பொறுப்புக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காகவும், ஒரு வைத்தியரின் வாழ்வை இங்கே சொல்கிறோம்.

மானிப்பாய் என்ற ஊரின் பெயரை உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாயிலும் ஊழியம் செய்தார்.

நோயாளிகள் ஏராளம், வைத்தியரோ ஒருவர். காலை முதல் மாலை வரை ஜனங்களின் வழக்குகளைத் தனியே கேட்டுக் களைத்துப்போன மோசேக்கு, அவருடைய மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனை உங்களுக்கு நினைவிருக்கும். கிறீனும் அந்த வழியிலேயே நடந்தார். மானிப்பாய்க்கு வந்த 1848ஆம் ஆண்டிலேயே தமிழ் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

ஆரம்பத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலம் கற்றவர்களுக்கு அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் வெளியூரில் காத்திருந்தன. கிராமத்து நோயாளி பழையபடி வைத்தியரில்லாமலே இருக்க வேண்டியதாகும். ஆகவே 1860களில் கிறீன் ஒரு துணிவான முடிவெடுத்தார்: இனி மேலைத்தேய வைத்தியம் முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது.

அந்த முடிவின் பாரத்தை அவரே முதலில் சுமந்தார். பாடநூல்கள் தமிழில் வேண்டும். அதற்கு அவர் தமிழை நன்றாகக் கற்க வேண்டும். இந்த வேலையை முன்பே தொடங்கியிருந்த அவர், தம் மாணவரையும் தமிழறிந்தவர்களையும் கூட்டி, அவர்களோடு உட்கார்ந்து சொல் சொல்லாகத் தேடினார். கலைச்சொல்லுக்கு ஓர் ஒழுங்கும் வைத்திருந்தார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அகப்படாவிட்டால் வடமொழிச் சொல்லை எடுப்பது. அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. உடலின் அமைப்பைச் சொல்லும் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ ஆயிற்று. கெமிஸ்ட்ரி ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. பிள்ளைகளே, ‘கெமிஸ்தம்’ என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து ஒரு கிராமத்துப் பையன் பயப்படாமல் நூலைத் திறந்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்படி அவரும் அவருடைய உதவியாளரும் ஆக்கிய நூல்கள் நாலாயிரத்துக்கும் அதிகமான பக்கங்கள் கொண்டவை. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60க்கும் மேற்பட்டவர்கள். தம்மிடம் படித்தவர்கள் உடையிலும் நடையிலும் வெள்ளைக்காரரைப்போல் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து தமிழருக்கு வைத்தியம் செய்யட்டும் என்பதே அவர் எண்ணம்.

இடையில் சில ஆண்டுகள் தாயகத்தில் இருந்துவிட்டு, 1862இல் மனைவி மாகிரற்றுடன் திரும்பி வந்தார். 1873இல் உடல்நலம் குன்றி, யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகப் போக நேர்ந்தது. போன பின்பும் வேலையை விடவில்லை. வூஸ்டரிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளராக இருந்ததைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அவருடைய முயற்சி எல்லாம் நிலைத்தது என்று சொல்ல முடியாது. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அங்கே பாடம் ஆங்கிலத்தில். தமிழ்வழி மருத்துவக் கல்வி கிறீனுக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆனாலும் தமிழில் மேலைத்தேய வைத்தியம் சொல்ல முடியும் என்பதை அவர் செய்து காட்டினார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.

மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் சகோதரரே, சகோதரியே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பகுதியில் புதிதாகச் சேர்ந்த தாதிக்கு வேலை தெரியவில்லை என்றால், அவசரத்தில் நீங்களே செய்து முடித்துவிடுகிறீர்களா, பக்கத்தில் நின்று பழக்குகிறீர்களா? அவருக்கு விளங்குகிற சொல்லைத் தேடுகிறீர்களா, உங்களுக்கு வசதியான சொல்லிலேயே கட்டளையிடுகிறீர்களா? கிறீன் பிறருக்காகத் தம் நாவையே மாற்றிக்கொண்டார். தாம் இல்லாத நாளிலும் நோயாளி கவனிக்கப்பட வேண்டும் என்று கருதி, தமக்குத் தெரிந்ததையெல்லாம் பிறர் கையில் கொடுத்தார்.

பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் வைத்தியராகவோ தாதியாகவோ வரலாம். அப்போது உங்கள் முன்னால், இந்நாட்டு மொழி தெரியாமல் தன் வருத்தத்தைச் சொல்லத் தடுமாறும் ஓர் அம்மம்மா உட்கார்ந்திருக்கலாம். இன்று வீட்டில் நீங்கள் பேசிப் பழகும் தமிழ் அன்று அவருக்கு மருந்தாகும். அந்த ஊழியத்துக்குத் தேவன் உங்களை ஆயத்தப்படுத்துவாராக.