கொல்லர் மகன் கண்ட குளிர்

சித்திரை வெயிலில் திருவேங்கடம் கொதிக்கும்போதும் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பானையின் வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதே காரணம். இதே விதியைத் துணைக்கொண்டு கொடுங்குளிரைத் தேடிப் போனவர் மைக்கேல் பாரடே.

1791-ல் இலண்டன் அருகே ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களை இரவில் படித்தார். அவரை இரசாயனத்தின்பால் இழுத்த நூல் ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதியது. இதை நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்! 1813-ல் அறிஞர் டேவியின் உதவியாளராக இராயல் இன்ஸ்டிட்யூஷனில் அமர்ந்தார்.

1823-ஆம் ஆண்டு. குளோரின் கலந்த படிகங்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். உள்ளே எண்ணெய் போன்ற துளிகள் தோன்றின. அங்கு வந்த மருத்துவர் ஒருவர், குழாயைச் சரியாகக் கழுவவில்லை போலும் என்று கேலி செய்தார். பாரடே குழாயின் முனையை அறுத்தார். அது வெடித்தது, எண்ணெயும் மறைந்தது. மறுநாள் காலை அந்த மருத்துவருக்கு ஒரு சிறு கடிதம் போயிற்று: எண்ணெய் என்று தாம் எண்ணியது திரவக் குளோரினே என்று அறிந்து அவர் வியந்தார்.

அடுத்து அம்மோனியா. வளைந்த குழாயின் ஒரு முனையில் அம்மோனியாவை உறிஞ்சிய வெள்ளிக் குளோரைடைச் சூடாக்கினார். பனிக்கட்டியில் வைத்த மறுமுனையில் வாயு திரவமாயிற்று. சூட்டை நீக்கியதும் அத்திரவம் தானே கொதித்து ஆவியாகிக் குளிர்ந்தது. இன்றைய குளிர்பதனப் பெட்டியின் வித்து இதுவே. நமது சென்னையிலோ 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுசில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அதே 1823-ல் ஒரு குழாய் வெடித்துச் சில்லுகள் ஜன்னல் கண்ணாடியைத் துளைத்தன. அவர் கண்களிலும் பாய்ந்தன. சில நாட்கள் பார்வை மங்கிக் கிடந்தார். குணமானதும் மீண்டும் ஆய்வுக்கூடம்தான். ஆனால் முன்போல் அல்ல. 1845-ல் பச்சைக் கண்ணாடிக் குழாய்களை முதலில் அழுத்தத்திற்குச் சோதித்த பின்னரே பயன்படுத்தினார். பெரிய பம்பு ஒன்று அழுத்திய வாயுவைச் சிறிய பம்பு இன்னும் அழுத்தியது. உறைந்த கரியமில வாயுவையும் ஈதரையும் கலந்து, மேலிருந்த காற்றை வெளியேற்றிப் பூஜ்யத்திற்குக் கீழ் 110 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரவைத்தார்.

இன்று கணிப்பொறியின் மூளையை மிகுவேகத்தில் இயக்குவோர் சிலர் அதன்மேலேயே திரவ வாயுவைக் கொதிக்கவிட்டுக் குளிர்விக்கின்றனர். அங்கும் அபாயங்கள் உண்டு: குழாயின் அழுத்தம், மூடிய அறையில் வாயுக் கசிவு, குளிர்ந்த பாகத்தில் காற்றின் ஈரம் படிந்து மின்சுற்றைக் கெடுப்பது.

பாரடே நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் மூப்பராய் இருந்தார். பட்டத்தையும் பதவியையும் மறுத்தார். ஆக்சிஜன், ஹைடிரஜன், நைட்டிரஜன் முதலிய சில வாயுக்கள் மட்டும் கடைசிவரை அவருக்குப் பணியவில்லை. 1867-ல் அவர் மறைந்தார். பத்தே ஆண்டுகளில், 1877-ல், பிரான்சில் ஒருவரும் சுவிட்சர்லாந்தில் ஒருவருமாக ஆக்சிஜனையும் திரவமாக்கினார்கள்.